பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு: குடிபோகும் முன் போட வேண்டிய கணக்கு

மாதச் சம்பளக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. பெங்களூர் ஹொசா ரோட்டில் ஒரு கம்பெனியில் பே-ரோல் பார்க்கிறேன். யார் எந்த ஏரியாவில் இருக்கிறார்கள், எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் நான் கேட்காமலே என் மேசைக்கு வந்துவிடும். விவேக் நகர், ஈஜிபுரா, ஆடுகோடி என்று இருந்த முகவரிகள் சில வருடங்களாக ஒவ்வொன்றாக ஓசூர் என்று மாறிக்கொண்டு வருகின்றன. எங்களுடையதும் அப்படி மாறியதுதான். நான், கணவர், மகள், மாமியார் நால்வரும் ஈஜிபுராவை விட்டு ஓசூருக்கு வந்துவிட்டோம். அன்றிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஓசூர் எப்படி? போகலாமா?" என்று கேட்காத வாரம் இல்லை. அவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வாடகை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்ல நான் தேவையில்லை. தூரமும் பயப்படும் அளவுக்கு இல்லை. பெங்களூர் நடுவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சிக்கல் என்னவென்றால், அந்த 40 கிலோமீட்டருக்குள் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. அத்திப்பள்ளி கர்நாடகம், அடுத்து வரும் ஜூஜூவாடி தமிழ்நாடு. பிள்ளையின் காலேஜ் சீட்டு முதல் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட் வரை எல்லாவற்றிலும் அந்தக் கோடு வந்து குறுக்கே நிற்கும். சில வீடுகளுக்கு அதனால் லாபம், சில வீடுகளுக்கு நஷ்டம். உங்கள் வீடு எந்த வகை என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஆபீஸ் எங்கே?

ஓசூர் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்.

பொம்மசந்திரா, ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், வாருங்கள். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி 20 கிலோமீட்டர் சொச்சம்தான். விவேக் நகரிலிருந்து போவதைவிட நிம்மதி, ஏனென்றால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் உங்கள் வழியிலேயே இல்லை. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியும் சந்தாபுராவும்தான் வழியில் இருக்கும் இரண்டு தலைவலிகள்.

கூட்லு கேட், பொம்மனஹள்ளி, பி.டி.எம். லேஅவுட், ஜெயநகர் பக்கம் என்றால் மெட்ரோ உங்களைக் காப்பாற்றும். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 ஸ்டேஷன்களோடு 2025 ஆகஸ்டில் திறந்த யெல்லோ லைன்தான் ஓசூர்க்காரர்களின் வாழ்க்கையை மாற்றியது. தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான். புது ரயில்கள் வர வர அந்த இடைவெளி குறைந்தது. அப்போது முழுத் தூரத்துக்கும் டிக்கெட் 60 ரூபாய். ஆர்.வி. ரோட்டில் இறங்கி கிரீன் லைன் மாறினால் மெஜஸ்டிக் வரை போகலாம். நான் பொம்மசந்திராவில் ஏறி ஆறாவது ஸ்டேஷனில் இறங்குகிறேன். உட்கார இடம் கிடைக்கிறது, அது முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்கு உள்ள பாக்கியம்.

ஆனால் மெட்ரோ பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஓசூர் இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல். காலை நேரத்தைத் தின்பது அந்தத் துண்டுதான். பஸ் பிடித்தால், ஏறும்போதே கண்டக்டரிடம் "பொம்மசந்திரா நிக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். சேலம், தர்மபுரியிலிருந்து வரும் வண்டிகளில் சில, நடுவில் நிறுத்துவதற்கு மூக்கால் அழும். அதேபோல எலக்ட்ரானிக் சிட்டியில் தொடங்கும் மேம்பாலத்தில் பஸ் ஏறிவிட்டால் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி பொம்மனஹள்ளிப் பக்கம்தான் தரையைத் தொடும். சிங்கசந்திராவில் இறங்க வேண்டியவர் மேலே இருந்தபடியே தன் ஆபீஸைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சர்ஜாபூர் ரோடு, பெள்ளந்தூர், அவுட்டர் ரிங் ரோடு என்றால் ரயிலைப் பாருங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. தர்மபுரி வழியாக சேலம் போகும் ரயில் பாதையில்தான் ஓசூர் இருக்கிறது. இங்கே ஏறினால் ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம், பெள்ளந்தூர் ரோடு என்று வரிசையாக வரும். என் கணவர் அப்படித்தான் போகிறார். மாத சீசன் டிக்கெட் விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள், ஈஜிபுராவிலிருந்து ஆட்டோவில் போன காலத்தில் ஒரு வாரத்துக்கு அதைவிட அதிகம் ஆனது. மூன்று மாதத்துக்குச் சேர்த்தும் எடுக்கலாம், இன்னும் கொஞ்சம் மலிவு. குறை என்னவென்றால், காலையில் உதவக்கூடிய வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருப்பதைவிட பஸ்ஸுக்கு ஓடுவதே மேல். இரட்டைப் பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது, அது முழுசாக முடிந்தால் வண்டிகள் கூடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் இருக்கிறார்கள். நீங்கள் இன்றைய அட்டவணையை வைத்து முடிவெடுங்கள்.

ஒயிட்ஃபீல்டு, மான்யதா, விமான நிலையப் பக்கம் வேலை என்றால் வேண்டாம். தினமும் போய் வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வீடு பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்கள். காலியான ரோட்டில் கார் பறக்கும், "முக்கால் மணி நேரம்தான்பா" என்று சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். அந்தக் கணக்கு செல்லாது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, அங்கிருந்து உங்கள் ஆபீஸ் நாற்காலி வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை திரும்பி வந்து பாருங்கள். வெள்ளி மாலை பெங்களூரில் இருக்கும் பாதித் தமிழ்நாடு ஊருக்குக் கிளம்பும், அதுவும் இதே ரோட்டில். தீபாவளிக்கு முதல் நாள் அத்திப்பள்ளியில் மணிக்கணக்கில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஓசூருக்குக் குடிவந்தால் அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகிற வழியும் அதுதான்.

ஆபீஸ் கேப் வசதி இருப்பவர்கள் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலம் தாண்டினால் வாடகை வண்டிக்கு பெர்மிட், வரி என்று தனிச் செலவு உண்டு. அதனால் பெரும்பாலான கம்பெனி வண்டிகள் அத்திப்பள்ளியோடு நின்றுவிடும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பன்னிரண்டு மணிக்கு அத்திப்பள்ளியில் இறங்கினால் அங்கிருந்து எப்படி வருவீர்கள் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். ஆப்பில் புக் செய்யும் டாக்ஸியும் இங்கே வர வெளியூர்க் கட்டணம் கேட்கும்.

பெண்களுக்கு ஒரு தனிக் கணக்கு. கர்நாடகத்தில் சக்தி திட்டத்தில் 2023 ஜூன் முதல் சாதாரண பஸ்களில் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். பெங்களூர் டவுன் பஸ்ஸான பி.எம்.டி.சி. அத்திப்பள்ளி வரை வருகிறது. தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் இலவசம், யாரும் அட்டை கேட்பதில்லை. இரண்டு மாநிலத்துக்கும் ஓடும் பஸ்ஸில் இந்த இலவசத்தை நம்பாதீர்கள், டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் முகவரியை ஓசூருக்கு மாற்றிய அன்றே சக்தி முடிந்தது என்று வைத்துக்கொண்டு மாதப் பஸ் செலவைக் கணக்கில் சேருங்கள்.

எந்தப் பக்கம் வீடு?

பெங்களூருக்குத் தினமும் போகிறவர்கள் ஊருக்கு வடமேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பது நல்லது. ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பக்கம் என்றால் காலையில் ஊருக்குள் நுழையாமலே ரோட்டைப் பிடித்துவிடலாம். ராயக்கோட்டை ரோடு, தளி ரோடு பக்கம் வீடு பெரிதாக, அமைதியாகக் கிடைக்கும், ஆனால் ஊரைத் தாண்டி வெளியே வருவதற்கே நேரம் போகும். ரயிலை நம்பியிருப்பவர்கள் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் ரயில், ஒருவர் பஸ் என்பதால் நடுவில் ஓரிடத்தில் சமாதானம் ஆனோம்.

ஓசூர் வெறும் தூங்கப் போகிற ஊர் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று அதற்கே சொந்தமாகத் தொழிற்சாலைகள் உண்டு, கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸும் வந்துவிட்டது. ஆக வாடகை வீட்டுக்கு நீங்கள் மட்டும் போட்டியில் இல்லை. பெங்களூரிலிருந்து வருகிறோம் என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால் வாடகை இரண்டாயிரம் ஏறும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டின் ஓனரம்மா என் கணவரிடம், "உங்க ஊர்ல இதுக்கு எவ்ளோ தருவீங்க தம்பி?" என்று நைசாகக் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் சிரிப்பதே உத்தமம்.

அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே ஓனர் ஆறு மாதம் கேட்டால் "பரவாயில்லையே" என்று கொடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு ஆன்லைனில் பதிவு செய்யவும் அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை, மூன்றிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது "தண்ணி வருமா?" என்று கேட்டால் எல்லோரும் "வரும்" என்றுதான் சொல்வார்கள். ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா, ஒகேனக்கல் என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, சம்ப் எவ்வளவு பெரியது, ஏப்ரல் மாதத்தில் லாரி வரவழைத்தார்களா, அந்தக் காசு யார் கொடுத்தது என்று பிரித்துக் கேளுங்கள். ஓனரைவிட மாடியில் குடியிருப்பவரைக் கேட்டால் உண்மை வரும். பாத்ரூம் குழாயில் வெள்ளைப் படிவு எவ்வளவு என்று பார்த்தாலே போர் தண்ணீரின் லட்சணம் புரிந்துவிடும்.

கரண்ட் பில் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறி பில் எகிறும். பெங்களூரில் கிருஹ ஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டத்தில் சைபர் பில் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பில் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, அது மின் வாரிய மீட்டரா அல்லது ஓனர் வைத்த சப்-மீட்டரா என்று பாருங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: மின் வாரியம் பராமரிப்புக்காக ஏரியா ஏரியாவாக முழுப் பகலும் மின்சாரத்தை நிறுத்தும். முன்கூட்டியே பேப்பரில் அறிவிப்பு வரும். அந்த நாளைப் பார்த்து ஆபீஸ் போகும் நாளை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்ல இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

பிள்ளை எத்தனாவது படிக்கிறது?

ஆபீஸுக்கு அடுத்த கேள்வி இது. உண்மையைச் சொன்னால், பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் உள்ளூர் மாணவராகச் சேர, எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை இங்கேயே படித்திருந்தால் பூர்வீகச் சான்று எதுவும் தேவையில்லை. மருத்துவப் படிப்புக்கு அது ஆறாவதிலிருந்து கணக்கு. கர்நாடகத்தில் சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வுக்கு வேறு மாதிரி: ஒன்றாவது முதல் பன்னிரண்டாவதுக்குள் ஏழு கல்வியாண்டுகள் அங்கே படித்திருக்க வேண்டும், பத்தாவதோ பன்னிரண்டாவதோ அங்கே தேறியிருக்க வேண்டும். பெற்றோரின் வேலை, பூர்வீகம் என்று இரண்டு மாநிலத்திலும் வேறு சில வழிகளும் உண்டு. குடும்பத்தின் சொந்த ஊர் வேலூரோ திருவண்ணாமலையோ என்றால் தாலுகா ஆபீஸில் பூர்வீகச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். ஆனால் மூன்று தலைமுறையாக அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருந்துவிட்ட குடும்பங்களிடம் சொந்த ஊரைக் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பிள்ளை ஐந்தாவது முடித்திருந்தால் தைரியமாக வாருங்கள், தமிழ்நாட்டுக் கதவு முழுசாகத் திறக்கும். ஏழாவது முடித்து வந்தால் இன்ஜினீயரிங் வரை சரி. பத்தாவதை பெங்களூரில் முடித்திருந்தால் கர்நாடகக் கதவு உங்கள் கையில் இருக்கும்போது ஓசூருக்குப் படிக்கும் இடத்தை மாற்றாதீர்கள். வீட்டை மட்டும் மாற்றி, பதினொன்றாவதை எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா பக்கம் ஒரு காலேஜில் சேர்க்கலாம். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் இருக்கும் பிள்ளையைத்தான் அசைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். விதிகள் வருடா வருடம் கவுன்சிலிங் கையேட்டில் அச்சாகின்றன, முடிவெடுக்கும் முன் இரண்டு மாநிலக் கையேட்டையும் உட்கார்ந்து படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யும் விஷயம் இல்லை இது.

அப்புறம் தமிழ். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும், பள்ளியில் கன்னடமும் இந்தியும் எழுதும். இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ந்தால் பத்தாவது வரை தமிழ்த் தாள் எழுதியாக வேண்டும். வந்த புதிதில் என் மகள் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "இது என்னம்மா, இவ்ளோ கஷ்டமா பேசுறாங்க?" என்றாள். செய்யுள் பகுதியைத்தான் சொன்னாள். குடிவரும் முன் ஒரு கோடை விடுமுறையாவது எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்துவிடுங்கள், பாதிச் சுமை குறையும். மற்றபடி ஓசூரில் மொழிப் பயம் வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தெருவில் புழங்கும். பெங்களூர்த் தமிழை இங்கே யாரும் கேலி செய்ய மாட்டார்கள், இங்கத்துத் தமிழும் ஏறக்குறைய அப்படித்தான்.

விடுமுறைகள் ஒத்துப்போகாது. பொங்கலுக்கு மகளுக்கு நாள் கணக்கில் லீவு, எனக்கு சங்கராந்தி ஒரு நாள். நவம்பர் 1 எனக்கு ராஜ்யோத்சவ லீவு, அவளுக்குப் பள்ளி. வீட்டில் மாமியார் இருப்பதால் எங்களுக்கு ஓடுகிறது. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் வருடத் தொடக்கத்திலேயே இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து உங்கள் லீவைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மாற்றும்போது கர்நாடக டி.சி.யில் அங்கத்துக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளி மாநில டி.சி. என்றால் இங்கே அதைக் கேட்கிறார்கள், அதற்காக மறுபடி அலைவதில் அர்த்தமில்லை.

காகிதங்கள், வண்டி, சம்பளம்

சம்பளத்தைப் பற்றி என் தொழில் முறையில் சொல்கிறேன். வீடு ஓசூரில் இருந்தாலும் வேலை கர்நாடகத்தில் என்பதால் தொழில் வரி அங்கேதான் பிடிப்பார்கள்: மாதச் சம்பளம் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. ஓசூர் மாநகராட்சிக்கு நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பி.எஃப். எதுவும் மாறாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் மருந்தகத்தை ஓசூருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதை யாரும் தானாகச் செய்து தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ரேஷன் கார்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கர்நாடகக் கார்டை ஒப்படைத்து நீக்கல் சான்று வாங்கினால்தான் இங்கே புதுக் கார்டு கிடைக்கும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் யாராவது ஜெயதேவா இதய ஆஸ்பத்திரியிலோ கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரியிலோ கர்நாடக பி.பி.எல். கார்டு காட்டிச் சலுகையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், கார்டு போனால் சலுகை என்னவாகும் என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே விசாரித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரிகளின் தூரத்தைப் பொறுத்தவரை கவலை இல்லை. பொம்மசந்திரா நாராயணா ஆஸ்பத்திரிக்கு ஈஜிபுராவிலிருந்து போவதைவிட ஓசூரிலிருந்து போவது பக்கம். ஜெயதேவா மெட்ரோ வழியிலேயே இருக்கிறது.

வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றப் படிவம் 8. கேஸுக்கு, பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கி இங்கே காட்ட வேண்டும்.

வண்டிதான் பெரிய தொல்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெங்களூர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டினால் டி.என். 70 நம்பர் கிடைக்கும். சரி, அதை மாட்டிக்கொண்டு தினமும் பெங்களூர் போனால் அங்கே நிறுத்தி, "இந்த வண்டி எவ்வளவு நாளாக இங்கே ஓடுகிறது?" என்பார்கள். காருக்கு ஃபாஸ்டேக் கணக்கு இருக்கிறது, தினமும் சுங்கச்சாவடி தாண்டி வீட்டுக்குப் போனதற்கு அதுவே சாட்சி. அந்த மாத ஸ்டேட்மென்டையும் ஓசூர் வாடகை ஒப்பந்தத்தையும் போனில் வைத்திருங்கள். இரு சக்கர வண்டிக்கு அந்த வசதி இல்லை. நான் ஸ்கூட்டரை ஓசூருக்குள் மட்டும் ஓட்டுகிறேன். சுங்கச்சாவடியில் உள்ளூர்க்காரர்களுக்கான மாதப் பாஸ் உங்கள் முகவரிக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பந்த் நாள்

காவிரிப் பிரச்சினை வெடித்தால் முதலில் அடைபடுவது உங்கள் வழி. 2016 செப்டம்பரிலும் 2023 செப்டம்பரிலும் தமிழ்நாட்டுப் பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றன. ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி வரை நடந்தார்கள். கொரோனா சமயத்தில் இதே இடத்தில் இ-பாஸ் கேட்டார்கள். வருடம் முழுக்க நடப்பதில்லை, ஆனால் நடந்தால் உங்களுக்கு மட்டும் நடக்கும், கோரமங்களாவில் இருக்கும் மேனேஜருக்கு அது செய்தி மட்டுமே. எல்லை அடைத்தால் அன்று வீட்டிலிருந்து வேலை என்று முன்பே ஒரு மெயிலில் ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள். அங்கே மாட்டிக்கொண்டால் ஒரு ராத்திரி தங்க ஒரு சொந்தக்காரர் வீட்டையும் சொல்லி வையுங்கள். எனக்கு நீலசந்திராவில் சித்தி இருக்கிறார்.

மனை வாங்கச் சொல்வார்கள்

குடிவந்த ஒரு மாதத்துக்குள் யாராவது புரோக்கர் வந்து, "மேடம், மெட்ரோ வரப் போகுது, ஏர்போர்ட் வரப் போகுது, இப்ப விட்டா கிடைக்காது" என்பார். மெட்ரோ இன்றைக்கு பொம்மசந்திராவில் நிற்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தது உண்மை. பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று 2033 வரை வரக்கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதும் உண்மை. புரோக்கர் முதல் உண்மையை மட்டும் சொல்வார். ஒரு வருடமாவது வாடகையில் இருந்து ஊரையும் ரோட்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்போதும் மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா நான்கும் கையில் வராமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

சந்தையும் குடிபோகும் மாதமும்

ஓசூர் உழவர் சந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாமியார் கோபித்துக்கொள்வார். சூளகிரி கொத்தமல்லி, ராயக்கோட்டைத் தக்காளி, பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் எல்லாம் விளைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நாம் இருக்கிறோம். ஈஜிபுராவில் தள்ளுவண்டியில் வாங்கியதும் இதே காய்தான், இரண்டு கை மாறி வந்தது. விலைப் பலகை வைத்திருப்பார்கள், பேரத்துக்கு அதிகம் வேலை இல்லை. விடிந்ததும் போனால் நல்ல காய், ஆபீஸ் போகிற அவசரத்தில் ஒன்பது மணிக்குப் போனால் மிச்சம்தான். பையை மறக்காதீர்கள், தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

கடைசியாக, எப்போது மாறுவது? பள்ளிப் பிள்ளை இருப்பவர்களுக்கு ஏப்ரல் பரீட்சை முடிந்து மே மாதத்துக்குள் என்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சமயத்தில் எல்லோரும் வீடு தேடுவதால் வாடகையும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பிப்ரவரியிலேயே பார்க்கத் தொடங்குங்கள். பிள்ளை இல்லாதவர்கள் ஆடி மாதத்தில் வந்து பாருங்கள். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் வீடுகள் காலியாகக் கிடக்கும், ஓனர்கள் இறங்கி வருவார்கள். வாடகையைப் பேசி முடித்து, டோக்கன் கொடுத்துவிட்டு, சாவியை ஆவணி முதல் வாரத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். சாமான் ஏற்ற பெங்களூர் ஏஜென்சியைக் கூப்பிட்டால் வெளி மாநிலம் என்று இரண்டு மடங்கு கேட்பார்கள். ஓசூரிலிருந்து ஒரு மினி லாரியை வரவழைத்தால் அதில் பாதியில் முடியும், எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது.